கால்வாய்க்கு நிலம் கேட்டு நோட்டீஸ் வந்தால்

காவிரி–குண்டாறு இணைப்புக் கால்வாய் மாயனூர் கதவணையில் தொடங்கி எங்கள் புதுக்கோட்டைப் பக்கமாகத்தான் போகிறது. நான் ஓய்வு பெற்ற சர்வேயர். அதனால் நோட்டீஸ் வந்தவர்கள் என்னிடம் கேட்பார்கள்: "அண்ணே, கோர்ட்டுக்குப் போய் நிறுத்திடலாமா?" பாசனக் கால்வாய் பொது நோக்கம்தான் என்று 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டமே சொல்கிறது. இரு போகப் பாசன நிலத்தை எளிதில் எடுக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் கால்வாய்க்குப் பொருந்தாது. ஆகவே கோர்ட்டில் நிறுத்துவது கடினம்; எவ்வளவு எடுக்கிறார்கள், என்ன தருகிறார்கள் என்பதில் கவனம் வையுங்கள்.

முதலில் நோட்டீஸில் உள்ள புல எண், உட்பிரிவு, பரப்பை உங்கள் பட்டாவோடும் புலப்படத்தோடும் ஒப்பிடுங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே கூட்டுப் பட்டா இருந்தால் இப்போதே மாற்றுங்கள். பங்காளித் தகராறு என்றால் பணம், இழப்பீட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் நில எடுப்பு ஆணையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல்நிலை அறிவிக்கை வெளியாகி 60 நாளுக்குள் ஆட்சேபணையை எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது மிச்ச நிலத்தில்தான். கால்வாய் வயலைக் குறுக்கே வெட்டினால் கிணறு இந்தப் பக்கம், நாற்றங்கால் அந்தப் பக்கம் என்று ஆகிவிடும். இப்படித் துண்டாவதால் வரும் நஷ்டத்துக்கும் இழப்பீடு உண்டு (பிரிவு 28). ஆனால் கேட்டால்தான் கணக்கில் வரும். பாதை அடைபடுகிறதா, குழாய் வரிசை அறுபடுகிறதா, டிராக்டர் திரும்ப இடமிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கால்வாய்ப் பாலம் எந்த இடத்தில் வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். மரம், கிணறு, மோட்டார் அறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

விலைக் கணக்கு இப்படி: வழிகாட்டி மதிப்பு, அல்லது பக்கத்து நிலங்களின் கடந்த 3 ஆண்டுக் கிரயங்களில் அதிக விலையுள்ள பாதியின் சராசரி, இவற்றில் எது கூடுதலோ அது. கிராமப்புறம் என்றால் 1 முதல் 2 வரை ஒரு பெருக்கல் காரணி. நிலம் 10 லட்சம், காரணி 1.25 என்றால் 12.5 லட்சம். மரமும் கிணறும் 2 லட்சம் என்றால் 14.5. அதன்மேல் 100 சதவீத ஆறுதல் தொகை, ஆக 29 லட்சம். பதிவு அலுவலகத்தில் கிரயப் பத்திர நகல்களை நீங்களே எடுத்து விசாரணை நாளில் கொடுங்கள்.

தொகை குறைவென்று தோன்றினாலும் வாங்கலாம். ஆனால் ரசீதில் "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் கூடுதல் தொகை கேட்டு ஆணையத்துக்குப் போகும் உரிமை போய்விடும். தீர்வம் (இழப்பீடு இவ்வளவு என்று ஆட்சியர் சொல்லும் முடிவு) சொன்ன நாளில் நேரில் இருந்தவர், வழக்கை ஆணையத்துக்கு அனுப்பச் சொல்லி 6 வாரத்துக்குள் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். தனிப் பேச்சுவார்த்தையில் விலை பேசிக் கிரயம் கொடுத்தவருக்கு இந்த வழி கிடையாது. அந்தச் சம்மதப் பத்திரத்தை ஆற அமரப் படியுங்கள்.

பணம் வருமுன் பொக்லைன் வரப்பில் இறங்கினால் பிரிவு 38ஐக் குறிப்பிட்டு ஆட்சியருக்கு எழுதுங்கள். முழுத் தொகை தந்த பிறகுதான் நிலத்தைச் சுவாதீனம் எடுக்க முடியும். அப்புறம், இந்தச் சட்டப்படியான தீர்வத் தொகைக்கு வருமான வரி இல்லை. யாராவது டிடிஎஸ் பிடிக்கப் பார்த்தால் பிரிவு 96ஐக் காட்டுங்கள்.