சவரக்கத்தி தீட்ட எந்தக் கல் வாங்கலாம்? 12000 கிடக்கட்டும், முதலில் 1000

மடக்குச் சவரக்கத்தி கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது "கடைசியாகத் தேய்க்க எந்தக் கல் நல்லது" என்றுதான். பெல்ஜியம் கல்லா, ஜப்பான் கல்லா, 12000-ஆ, 16000-ஆ (கல்லின் துகள் எவ்வளவு பொடி என்று காட்டும் எண்) என்று பட்டியலோடு வருவார்கள். என் பதில் ஒன்றுதான்: கையில் இருக்கும் காசை முதலில் ஒரு நல்ல 1000 கல்லிலும், கற்களைச் சமன் செய்யும் சாமானிலும் போடுங்கள். கடைசிக் கல்லுக்குக் காசு மிஞ்சாவிட்டாலும் மலிவான வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் உங்களிடம் இருப்பது எந்தக் கத்தி என்று பாருங்கள். சலூனில் பாதி பிளேடு மாட்டிச் சிரைக்கிறார்களே, அது தீட்டுகிற கத்தி இல்லை. தாத்தா பெட்டியில் கிடைத்தது, கழுத்துப் பகுதியில் ஸோலிங்கன் (ஜெர்மனி) என்றோ ஷெஃபீல்டு (இங்கிலாந்து) என்றோ கத்திக்குப் பேர்போன ஊர்ப்பெயர் பொறித்திருக்கிறது என்றால் தாராளமாக மெனக்கெடலாம். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் புதுக் கத்திகளில் பல சரியாகப் பதமேறாத இரும்பு. எந்தக் கல்லில் தீட்டினாலும் அதில் கூர் நிற்காது.

சமையல் கத்தியைவிட இது ஒரு விதத்தில் சுலபம், கோணத்தை நாம் பிடிக்க வேண்டியதில்லை. முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி கத்தியைப் படுக்க வைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். முதுகு 5 மில்லிமீட்டர் தடிமன், கத்தி 18 மில்லிமீட்டர் அகலம் என்றால் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 16 டிகிரி வரும். முதுகைத் தூக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கல்லின் எண்

எண் கூடக் கூடத் துகள் பொடியாகும் என்பது தெரிந்ததே. ஆனால் ஒரு கம்பெனி எண்ணை இன்னொரு கம்பெனி எண்ணோடு ஒப்பிட வேண்டாம். நார்ட்டன் கற்களில் 1000 சுமார் 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 4000 என்றால் 6, 8000 என்றால் 3. ஜப்பானியத் தர அளவில் 8000 என்பது 1.2 மைக்ரான் பக்கம் வரும். எண் ஒன்றுதான், துகள் பாதிக்கும் கீழே. ஹார்டுவேர் கடையில் வாங்கும் 1000 வாட்டர் பேப்பர் இன்னும் பெரிய துகள், 18 மைக்ரான். அதே கடையில் கிடைக்கும் இரண்டு பக்கக் கார்பரண்டம் கல் அரிவாளுக்கு நல்லது, சவரக்கத்தியை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

எதை வாங்குவது

1000-க்கு என் ஓட்டு ஷாப்டன் கம்பெனிக் கல்லுக்கு. தண்ணீர் தெளித்தால் போதும், கெட்டியான கல், சீக்கிரம் குழி விழாது. கிங் 1000/6000 இரட்டைக் கல் விலை குறைவு, வேலையும் நன்றாகச் செய்யும். ஆனால் 1000 பக்கத்தைக் குமிழி நிற்கும்வரை ஊற வைக்க வேண்டும், சீக்கிரம் தேய்ந்து நடுவில் பள்ளமாகும். நடுவில் ஒரு 4000/8000 இரட்டைக் கல்லோ, தனியாக ஒரு 5000-மோ போதும். கிங் வாங்கியவர்களுக்கு அந்த 6000 பக்கமே இதற்கு ஆகும். முடிவுக்கு நனிவா 12000.

மூன்று அங்குல அகலக் கல்தான் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பழைய கத்திகள் முழுக்க நேராக இருப்பது அபூர்வம், லேசாகத் திருகியிருக்கும். அதனால் குறுகிய கல்லே எனக்கு வசதி.

படி 1: கல்லைச் சமன் செய்தல்

புதுக் கல்லும் சமமாக இருக்காது. பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். மார்பிள் கடையில் மிஞ்சிய பாலிஷ் கிரானைட் துண்டு கிடைக்கும், அதன்மேல் 220 வாட்டர் பேப்பரை ஈரமாக ஒட்டி, கோடு முழுக்க அழியும்வரை கல்லைத் தேயுங்கள். கடைசியில் கல்லின் நான்கு ஓரங்களையும் லேசாக மழுக்கிவிடுங்கள், கூரான ஓரத்தில் கத்தி இடித்தால் விளிம்பு பெயர்ந்துவிடும். வசதி இருந்தால் ஆட்டோமா 400 வைரத் தட்டு வாங்கலாம். இந்த வேலையில் நான் வருத்தப்படாமல் செய்த செலவு அது.

படி 2: 1000 கல்லில் சரிவு

பாதிக்கு மேல் நேரம் இங்கே போகும், போக வேண்டும். கத்தியின் விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் பளபளவென்று மெல்லிய பட்டை தெரியும், அதைத்தான் சரிவு என்கிறேன். இரண்டு சரிவும் விளிம்பின் முழு நீளத்துக்கும் ஒன்றையொன்று சந்தித்தாக வேண்டும். சந்திக்காத இடத்தை 8000-மும் 12000-மும் மினுக்க மட்டுமே செய்யும், அங்கே கூர் வராது. "எல்லாக் கல்லும் போட்டேன், தாடி பிய்கிறது" என்று வரும் புலம்பல்களில் பெரும்பாலானவை இந்த இடத்துச் சிக்கல்தான்.

முதுகு தேயாமல் இருக்க இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். பிறகு மார்க்கர் பேனாவால் இரண்டு பக்கச் சரிவிலும் மை தடவுங்கள். விளிம்பு முன்னே போகும்படி, அடிப்பக்கம் தொடங்கி நுனிப்பக்கம் முடியும்படி குறுக்காக நான்கைந்து இழுப்பு. திருப்பும்போது முதுகின் மேல் உருட்டுங்கள், விளிம்பின் மேல் ஒருபோதும் வேண்டாம். இப்போது மையைப் பாருங்கள். விளிம்பை ஒட்டி மயிரிழை அளவு மை நின்றாலும் கல் அங்கே தொடவில்லை. பெரும்பாலும் அடிப்பக்கத்திலும் நுனியிலும்தான் நிற்கும். இதற்காக அங்கே மட்டும் அழுத்தாதீர்கள், இழுப்பை அந்த முனை கல்லில் முழுதாகப் படும்படி மாற்றுங்கள்.

மை போய்விட்டதா? இன்னும் முடியவில்லை. மேஜை விளக்குக்கு நேர் கீழே, விளிம்பு உங்கள் கண்ணைப் பார்க்கும்படி கத்தியை நிமிர்த்திப் பிடியுங்கள். நல்ல விளிம்பு கண்ணுக்கே தெரியாது. எங்காவது வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே இன்னும் மொட்டை. கடைசிச் சோதனை கை முடி: அழுத்தாமல், தோலை ஒட்டி, அடி, நடு, நுனி மூன்று இடத்திலும் முடி சிரைக்க வேண்டும். ஒரு இடம் மறுத்தாலும் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள்.

படி 3: நடுக் கற்கள்

இது சுருக்கமான வேலை. முந்தின கல்லின் கீறல் மறையும்வரை தேயுங்கள், ஒவ்வொரு கல்லுக்கும் அழுத்தத்தைக் குறையுங்கள். கல் மாற்றுமுன் கத்தியையும் கையையும் கழுவுங்கள். ஒரு 1000 துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் எல்லாம் கெட்டது.

படி 4: முடிவு

12000 கல்லில் கத்தியின் எடை மட்டும் போதும், விரல் சும்மா வழிகாட்டட்டும். காசில்லை என்றால் 1 மைக்ரான் லேப்பிங் ஃபிலிம் (பொடித் துகள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்) ஒன்று வாங்கி, கண்ணாடியில் தண்ணீர் விட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் கல் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், கன்னம் சுளிக்காது.

கோட்டிகுல் பற்றி நிறையப் பேர் கேட்பதால்: பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் இயற்கைக் கல், வெட்டுவது அதிலுள்ள பொடிக் கார்னெட் மணிகள். சிறு கல்லால் தேய்த்துச் சேறு உண்டாக்கினால் வேகமாக வெட்டும், தண்ணீர் விட்டுச் சேற்றை நீர்க்க வைத்துக்கொண்டே போய் வெறும் தண்ணீரில் முடித்தால் மென்மையான கூர் கிடைக்கும். ஒரே கல்லில் எல்லாம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் கல்லுக்குக் கல் குணம் மாறும், எந்த இடத்தில் தவறுகிறது என்று புதியவருக்குப் பிடிபடாது. முதல் கல்லாக வேண்டாம்.

அப்புறம் தோல் வார், தீட்டிய கத்தியைக் கடைசியாக இழுத்துப் பதப்படுத்தும் பட்டை. இங்கே விளிம்பு பின்னே போக வேண்டும், முதுகு முன்னே. வாரைத் தொய்ய விடாதீர்கள். ஐம்பது அறுபது இழுப்புக்குப் பிறகு சிரைத்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: 1000-இல் முடி சிரைத்தது, 12000-க்குப் பின் சிரைக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பேசிப் பார்த்தால், கடைசிக் கல்லுக்கு முன் டேப்பைக் கழற்றியிருக்கிறார். டேப் ஒரு சுற்று கோணத்தை ஒரு டிகிரி அளவுக்குக் கூட்டுகிறது. கழற்றியதும் முதுகு தாழ்ந்து, கல் விளிம்புக்குப் பின்னால்தான் தொடுகிறது. டேப்போடு தொடங்கினால் டேப்போடு முடியுங்கள். தேய்ந்தால் புதிது ஒட்டுங்கள், அதே தடிமன், அதே ஒரு சுற்று. வாரில் மட்டும் டேப் வேண்டாம்.

பின்சேர்க்கை 2: 12000 கல்லை ராத்திரி முழுக்க ஊற வைத்து வெயிலில் காய வைத்ததில் விரிசல் விட்டுவிட்டது என்று இரண்டு பேர். இப்படி ரெசின் (செயற்கைப் பிசின்) பிணைப்புள்ள கற்களை ஊற வைக்கவே கூடாது, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். வேலை முடிந்ததும் துடைத்து நிழலில் நிறுத்தி வையுங்கள்.

பின்சேர்க்கை 3: சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் தீட்டிய கத்தியைக் குளியலறையில் வைக்க வேண்டாம், விளிம்பில்தான் முதலில் துரு பிடிக்கும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு துணியில் தொட்டுத் தடவி, பீரோவில் வையுங்கள்.