சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய லாரி: தேடும்போது செய்யும் தவறுகள்

காலையில் சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்கிற வண்டி. அதே வண்டி லோடோடு சேலத்திலிருந்து தொப்பூர் ஏற்றம் ஏறி, மேலே டீக்கடையில் நிறுத்திவிட்டு 20 நிமிடம் கழித்து வந்தால் எடுக்காது. முக்கால் மணி நேரம் ஆறப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். எங்கள் பழைய ஆறு சக்கர வண்டியில் இதற்காக இரண்டு பேட்டரி மாற்றி, செல்ஃப் மோட்டாரை (இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற மோட்டார்) கழற்றி வேலை பார்த்து, எல்லாக் காசையும் செலவழித்த பிறகுதான் கோளாறு இன்ஜெக்டர்களுக்கு டீசலைத் தள்ளுகிற டீசல் பம்பில் என்று தெரிந்தது.

எல்லோரும் செய்கிற பெரிய தவறு, ஆறிய வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போவது. அங்கே மெக்கானிக் சாவியைப் போட்டால் டக்கென்று எடுக்கும், "நல்லாத்தானே இருக்கு" என்பார். அவர் மேல் தப்பில்லை, அந்த நேரத்தில் கோளாறு வண்டியில் இல்லை. எடுக்காமல் நிற்கிற அந்த அரை மணி நேரம்தான் கோளாறு கையில் சிக்குகிற நேரம், அதை நாம் டீ குடித்தே கழித்துவிடுகிறோம். இன்னொன்று, இன்ஜினை நிறுத்தியதும் சூடு இறங்கத் தொடங்கும் என்று நினைக்கிறோம். ஃபேனும் நின்று தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால் இன்ஜின் பிளாக்கின் சூடு பக்கத்தில் இருக்கிற பம்பு, செல்ஃப் எல்லாவற்றிலும் ஏறும். நிறுத்திய உடனே எடுக்கிற வண்டி 15 நிமிடம் கழித்து மக்கர் பண்ணுவது இதனால்தான்.

அப்புறம் "வண்டி எடுக்கல" என்று மொட்டையாகச் சொல்வது. செல்ஃப் சுற்றவே இல்லையா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? மூன்றும் மூன்று வேறு நோய்.

இழுத்துச் சுற்றினால் உடனே பேட்டரியை மாற்றாதீர்கள். செம்பு 50 டிகிரி சூடேறினாலே அதன் மின்தடை ஏறக்குறைய 20 சதவீதம் கூடிவிடும், புஷ் (ஷாஃப்ட் சுழல்கிற வளையம்) தேய்ந்த செல்ஃபுக்கு அதுவே போதும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை செல்ஃப் பாடியிலும் வைத்து, இன்னொருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி நெகட்டிவை வண்டியோடு இணைக்கிற எர்த் கேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 24 வோல்ட் வண்டியில் செல்ஃப் சுற்றும்போது பேட்டரி முனையிலேயே 19க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். ஆனால் பிஸ்டன் பிடிக்கிற அளவுக்கு இன்ஜினே ஓவர் ஹீட் ஆகியிருந்தாலும் செல்ஃப் இழுக்கும், டெம்பரேச்சர் முள்ளையும் ஒரு பார்வை பாருங்கள்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லையா, டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் கொஞ்சமாவது போகிறது, எரியவில்லை. புகை இல்லாதபோது பம்பை மாற்றச் சொல்வதற்கு முன்னால் ஸ்டாப் சொலினாய்டை (டீசலைத் திறந்து மூடுகிற மின்சார வால்வு) பாருங்கள். சாவி போட்டதும் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும், சூட்டில் காயில் விட்டுப்போனால் வராது. இழுத்து நிறுத்துகிற கேபிள் வண்டி என்றால், கேபிள் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று ஒரு தரம் கையால் தள்ளிப் பார்த்தால் போதும். டீசல் லைனில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டு மாட்டிப் பார்த்தால் காற்று வருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரி என்றால் பம்பு. சூடானால் டீசல் மெலியும், 40 டிகிரியில் இருந்த கெட்டி 80 டிகிரியில் ஏறக்குறைய பாதிதான். பம்புக்குள்ளே பாகங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு. அது தேய்ந்துவிட்டால் மெலிந்த டீசல் பின்பக்கமாகக் கசிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது வேகம் ஈடுகட்டிவிடும், செல்ஃப் சுற்றுகிற வேகத்தில் ஈடுகட்ட முடியாது. ரோட்டரி பம்பு (ஒரே தலை சுழன்று எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துக் கொடுக்கிற பம்பு) வண்டிகளில் இது அடிக்கடி வரும், டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் இன்னும் மோசம்.

இதைக் கண்டுபிடிக்கிற வழி ரொம்பப் பழசு. பைப்புகள் கிளம்புகிற பம்பு தலையில் ஈரத்துணியைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு 10 நிமிடம் பொறுங்கள். மற்ற எதுவும் ஆறாத நிலையில் வண்டி எடுத்துவிட்டால் பம்பு தேய்ந்திருக்கிறது. இதிலும் தப்பு நடக்கும்: பொறுமையில்லாமல் ஒரு பக்கெட் தண்ணீரை அப்படியே ஊற்றுவார்கள், இன்ஜின் ஓடும்போதே ஊற்றினால் பம்பு ஜாம் ஆகிவிடலாம். பக்கத்தில் இருக்கிற சொலினாய்டும் நனையும்.

இந்த இடத்தில்தான் யாராவது "கம்ப்ரஷன் போச்சு, இன்ஜினை இறக்கிடுங்க" என்பார். ரிங், லைனர் தேய்ந்த இன்ஜின் குளிரில்தான் அதிகம் அடம் பிடிக்கும். காலையில் அரைச் சுற்றில் எடுக்கிற வண்டிக்கு போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) பேசினால் நம்பாதீர்கள். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பாகத்துக்கும் நடுவில் விடுகிற இடைவெளி) ரொம்பக் குறைந்திருந்தால் மட்டும் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் குறையும், அதற்கு இன்ஜினை இறக்க வேண்டாம், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் போதும்.

ஸ்டார்டிங் ஸ்ப்ரே (சட்டென்று தீப்பிடிக்கிற ஸ்ப்ரே) அடிப்பதை விட்டுவிடுங்கள். சூடான டீசல் இன்ஜினில் அது பிஸ்டன் மேலே வருவதற்குள்ளேயே வெடிக்கும். செல்ஃபையும் 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து பிடிக்காதீர்கள், ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பம்பில் இருந்த ஒரு கோளாறு இரண்டாகிவிடும். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து மிக அதிகப் பிரஷரில் டீசல் போகிற) வண்டி என்றால் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்க்கிற பழக்கமே கூடாது, அந்தப் பிரஷரில் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும்.

பம்பைக் கழற்றிக் கொடுக்கும்போது "சூட்டில் எடுக்கவில்லை" என்று பம்பு கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லி, ஸ்டார்டிங் வேகத்தில் டெலிவரி எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். பம்பைச் சோதிக்கிற பெஞ்சில் 1000 ஆர்பிஎம் வைத்து ஓட்டினால் எங்கள் பம்பு கூட நன்றாகத்தான் காட்டியது, 100க்கு இறக்கிய பிறகுதான் குழாய்களில் சொட்டுச் சொட்டாக வந்தது.