கிளைக்கதை எழுத உட்காரும் முன்

கிளைக்கதை, அதாவது வாசகர் போகும் வழிக்கேற்ப வரிசை மாறும் கதை, எழுத ஆசைப்படுகிறவர்கள் நேராக அதற்கென்றே இருக்கும் ட்வைன் மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸாரின் 'ரயுவேலா'வைத் திறங்கள் என்பேன். 1963-இல் வந்த நாவல். இணைப்புகள் வழியே தாவிப் படிக்கும் எழுத்தைக் குறிக்கும் 'ஹைபர்டெக்ஸ்ட்' என்ற சொல்லைக் கணினித் துறை முன்னோடி டெட் நெல்சன் அச்சில் கொண்டுவந்ததே 1965-இல்தான்.

மொத்தம் 155 அத்தியாயங்கள். வரிசையாக 56 வரை படித்து நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் 73-இல் தொடங்கி, ஒவ்வொரு அத்தியாயமும் காட்டும் எண்ணுக்குத் தாவலாம். தாவியே படியுங்கள், போகிற எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு. 55 அந்த வழியில் வராது. கடைசியில் 131 உங்களை 58-க்கு அனுப்பும், 58 மறுபடி 131-க்கே அனுப்பும். எங்கே நிறுத்துவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது ஆங்கில எழுத்தாளர் பி. எஸ். ஜான்சன். 1969-இல் 'தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்' என்ற நாவலைத் தைக்காமல், 27 பகுதிகளாகப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். முதலும் கடைசியும் மட்டும் நிலையானவை, மற்றவற்றை எப்படி வேண்டுமானாலும் கலைக்கலாம். கால்பந்து ஆட்டம் பற்றி எழுத ஒரு நகரத்துக்குப் போகிறவனுக்குப் புற்றுநோயில் இறந்த நண்பனின் நினைவுகள் வருகின்றன. நினைவு வரிசையாகவா வரும்? பக்கங்களைக் கலைக்க இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரிந்து கிடையாது. உங்கள் கதைக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, இனி எழுதலாம். ஐந்தாறு அட்டைகள் போதும், அட்டைக்கு ஒரு காட்சி. ஒன்றில் அக்கா அலமாரியில் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறாள். இன்னொன்றில் தம்பி சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறான். கடிதத்தை முதலில் படித்தவருக்கு அவன் தப்பி ஓடுகிறவன். அவன் போனதை முதலில் படித்தவருக்கு அந்தக் கடிதம் அவன் விட்டுச்சென்ற விளக்கம். அட்டையில் ஒரு சொல்கூட மாறவில்லை, கதை மாறிவிட்டது. எனக்கு இந்த வடிவத்தின் மேல் இவ்வளவு பிரியம் வந்தது இதனால்தான்.

'மறுநாள்', 'அதற்குப் பிறகு' போன்ற சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள், அவை அட்டையை ஒரே இடத்தில் கட்டிப்போடும். பெயரும் உறவும் ஒவ்வொரு அட்டையிலும் தானாகப் புரிய வேண்டும். அப்புறம் அட்டைகளைக் கலைத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடமாற்றத்திலும் எதையும் மாற்றாத அட்டையை எடுத்துவிடலாம். மிஞ்சியவற்றை மட்டும் ட்வைனில் ஏற்றுங்கள்.