தூக்கத்தில் கால் உதறலும் இதயநலமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூக்கத்தில் கால் உதறுபவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை; பக்கத்தில் படுப்பவர் சொல்லித்தான் தெரியவருகிறது. கால் பெருவிரல் மேல்நோக்கி மடங்கும், கணுக்கால் வளையும், சில வேளைகளில் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து அசையும். ஒவ்வோர் அசைவும் அரை விநாடி முதல் 10 விநாடி வரை நீடித்து, பொதுவாக 20 முதல் 40 விநாடி இடைவெளியில் மீண்டும் வரும். குறைந்தது 4 அசைவுகளாவது தொடர்ந்து வந்தால்தான் மருத்துவர்கள் அதை ஒரு தொடராகக் கணக்கிடுகிறார்கள். இதயநோய், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றோடு இந்த அசைவுகளுக்குத் தொடர்பு உண்டு என்ற செய்தி பரவத் தொடங்கியபின், முன்பு இருந்த அலட்சியத்தோடு வீண் பீதியும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கால் அசைவைத் தனியே பிரித்துப் பார்ப்பது.

முதல் தவறு, இரவில் கால் அசைந்தாலே எல்லாம் ஒரே நோய் என்று எண்ணுவது. கண் செருகும் வேளையில் உடல் முழுதும் ஒருமுறை தூக்கிப்போடுவது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வது. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கெண்டைக்கால் சதை இறுகி வலியோடு விழிக்கச் செய்வது தசைப்பிடிப்பு. படுத்தவுடன் காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு விழித்திருக்கும்போதே வருமானால் அது அமைதியற்ற கால்கள் நோய். அந்த நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தூக்கத்திலும் கால் உதறுகிறது என்றாலும், தூக்கத்தில் கால் உதறும் பெரும்பாலானோருக்கு அந்தத் தவிப்பு இருப்பதில்லை. கனவில் நடப்பதற்கேற்ப உதைப்பதும் குத்துவதும் கத்துவதும் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றை நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம்விட அதிகம் தவறவிடப்படுவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா. மூச்சு நின்று மீண்டும் தொடங்கும் தருணத்தில் மூளை ஒரு கணம் விழிப்புக்கு வருகிறது. அப்போது காலும் அசைகிறது. பார்ப்பவர் கண்ணில் படுவது உதறல் மட்டுமே. ஆனால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் பாதிக்கும் வேலையைச் செய்துகொண்டிருப்பது மூச்சுத்தடை. உரத்த குறட்டை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் ஆகியவை உள்ள ஒருவர் காலுக்கு மட்டும் மருந்து வாங்கிச் செல்வதுதான், என் கணிப்பில், இந்த விஷயத்தில் நிகழும் மிகப் பெரிய இழப்பு. தூக்க ஆய்வகத்தில் காலின் முன்புறத் தசையில் மின்முனை பொருத்தி அசைவைப் பதிவுசெய்யும்போதே மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவுசெய்வதும், மூச்சுத்தடையோடு ஒட்டி வரும் அசைவுகளைக் கணக்கிலிருந்து நீக்குவதும் இதற்காகத்தான்.

இனி இதயம். ஒவ்வோர் உதறலோடும் இதயத்துடிப்பு விரைவதும் ரத்த அழுத்தம் எகிறுவதும் உண்மை. அமைதியற்ற கால்கள் நோய் உள்ளவர்களிடம் இரவு முழுதும் அழுத்தத்தை அளந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் அசைவின்போது மேல் அழுத்தம் சராசரியாக 22 மி.மீ. அளவும் கீழ் அழுத்தம் 11 மி.மீ. அளவும் உயர்ந்தது. இதயத்துடிப்போ பல வேளைகளில் கால் அசைவதற்குச் சற்று முன்னரே ஏறத் தொடங்கிவிடுகிறது. ஆகவே கால்தான் இதயத்தை உந்துகிறது என்று சொல்வது பிழை. உடலை உஷார்நிலைக்குக் கொண்டுவரும் பரிவு நரம்பு மண்டலத்தின் ஒரே எழுச்சி காலிலும் இதயத்திலும் ஒருசேர வெளிப்படுகிறது என்று கருதுவதே பொருத்தம். அமெரிக்காவில் முதிய ஆண்களைச் சுமார் 4 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, அசைவுகள் மிகுந்தவர்களிடம் இதய, ரத்தநாள நோய்கள் ஓரளவு கூடுதலாக வந்ததைக் காட்டியது. ஆனால் வயது, உடல் எடை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை உதறலையும் இதயநோயையும் சேர்த்தே கூட்டுபவை. அசைவைக் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்று எந்த மருந்துச் சோதனையும் இதுவரை நிறுவவில்லை.

சர்க்கரை விஷயத்தில் சான்று இன்னும் மறைமுகமானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள இளைஞர்களின் ஆழ்ந்த தூக்கத்தை ஒலி எழுப்பி 3 இரவுகள் கெடுத்தபோது, இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் சுமார் 25 விழுக்காடு குறைந்தது. தூக்கம் துண்டாடப்படுவது வளர்சிதை மாற்றத்தைக் கெடுக்கும் என்பதற்கு அது வலுவான சான்று. கால் உதறல் நீரிழிவை உண்டாக்கும் என்பதற்குச் சான்றாகாது. பல உதறல்கள் தூக்கத்தைக் கலைக்காமலே கடந்துபோகின்றன.

அசைவுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நோயாளியாகிவிடுவதும் ஒரு தவறு. பெரியவர்களுக்கு மணிக்கு 15-க்கு மேற்பட்ட அசைவுகள் என்பது எல்லைக்கோடு. ஆனால் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடுவயதினரையும் முதியோரையும் ஆராய்ந்தபோது 28.6 விழுக்காட்டினர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தனர். தூக்கக் குலைவோ பகல்நேரச் சோர்வோ இருந்து, அதற்கு வேறு காரணமும் கிடைக்காதபோதுதான் அது நோய் என்ற பெயரைப் பெறுகிறது. அசைவுகளின் எண்ணிக்கை இரவுக்கு இரவு வெகுவாக மாறுவதால் ஒரே இரவின் அறிக்கையை முடிவான தீர்ப்பாகக் கொள்ளவும் கூடாது. மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் காலின் கணக்கைச் சொல்லாது.

கால் தவிப்போடு தொடர்புடைய இரும்புச்சத்தில் இரு பக்கமும் தவறு நேர்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருப்பதால் குறை இல்லை என்று விட்டுவிடுவோர் உண்டு; ரத்தசோகை இல்லாமலே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அமைதியற்ற கால்கள் நோயில் இந்தச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் என்ற புரதம் லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் இரும்புச் சிகிச்சையைப் பரிசீலிக்கிறார்கள். சாதாரண ஆய்வக அறிக்கை இதே அளவை இயல்பு என்றே குறித்திருக்கும். உடலில் அழற்சி இருந்தால் பெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்பதும் உண்டு. மறுபுறம், பரிசோதிக்காமல் தாமாகவே இரும்பு மாத்திரை விழுங்குவது, இரும்பு மிகும் இயல்புள்ளவர்களுக்குக் கல்லீரலிலும் இதயத்திலும் கேடு செய்யும்.

மருந்துகளைப் பொறுத்தவரை, மனச்சோர்வுக்கான பல மாத்திரைகள், குறிப்பாக வென்லாபாக்சினும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையும், கால் அசைவைக் கூட்டக்கூடும். இதைப் படித்த கையோடு அவற்றைத் திடீரென நிறுத்துவது உதறலைவிட ஆபத்தானது. மருத்துவரிடம் கேட்டு மாற்றலாமா என்று பார்ப்பதே முறை. தூக்கத்துக்காகச் சளி மாத்திரை போடும் பழக்கமும் அமைதியற்ற கால்களின் தவிப்பைக் கூட்டக்கூடும். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் வழியாகச் செயல்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகள் தொடக்கத்தில் நன்றாகவே வேலை செய்தாலும், நாளடைவில் அமைதியற்ற கால்கள் நோயைத் தீவிரப்படுத்துவதால், 2025-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் அவற்றை அந்நோய்க்கு வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

கடைசித் தவறு, கால் அமைதியானதும் இதயமும் பாதுகாப்பாகிவிட்டது என்று நம்பி அழுத்த மாத்திரையையோ சர்க்கரைப் பரிசோதனையையோ தளரவிடுவது. இரவில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 விழுக்காடு இறங்க வேண்டும். இறங்குகிறதா என்பதை 24 மணி நேரமும் அழுத்தத்தை அளக்கும் கருவிதான் காட்டும். கால் உதறலோடு பகலில் உயர் அழுத்தமும் உள்ளவர், காலுக்கு மருந்து கேட்பதற்கு முன் அந்தக் கருவியைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.