வீட்டு ஜிம்முக்குக் காசை எதில் போடணும்?

2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம் நம்ம வேலூர் சத்துவாச்சாரிக்காரர். அவரைப் பார்த்து வீட்டிலேயே பளு தூக்க ஆசைப்படுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: பட்ஜெட்டில் பெரும்பங்கு பாருக்குத்தான், அதாவது எடைத் தட்டு மாட்டுற நீளக் கம்பிக்கு.

ஒலிம்பிக் பார் ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. தட்டு மாட்டுற முனை 50 மி.மீ. விட்டம். கடையிலேயே அதைக் கையால சுத்திப் பாருங்க, தடையில்லாம சுழலணும். சிக்கிச்சுன்னா கிளீன் (பாரைத் தரையிலேருந்து ஒரே இழுப்பில் தோளுக்குத் தூக்குறது) எடுக்கும்போது மணிக்கட்டு வாங்கிக் கட்டிக்கும்.

தட்டு பழசே போதும். துரு ஏறினாலும் எடை எடைதான். துளையை மட்டும் அளந்துட்டு வாங்குங்க, சின்னத் துளைத் தட்டு இந்தப் பாரில் ஏறாது. தட்டில் எழுதியிருக்கிற கிலோவை நம்பாதீங்க. பழைய இரும்புக் கடைன்னா தராசு அங்கேயே இருக்கும், போட்டுப் பாருங்க.

ஸ்குவாட் ஸ்டாண்டை, அதாவது தோளில் எடையோட உட்கார்ந்து எழுற பயிற்சிக்குப் பாரை வைக்கிற தாங்கியை, வெல்டிங் பட்டறையில் அடிச்சுக்கலாம். அடிப்பாகம் அகலமா இருக்கணும், பாரைத் தாங்கிப் பிடிக்கிற குறுக்குக் கம்பி கட்டாயம். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தரைக்கு, மாட்டுக் கொட்டகைக்கு விக்கிற கனத்த ரப்பர் பாய் போதும். அதுக்காக இரும்புத் தட்டைத் தலைக்கு மேலேருந்து போட்டுடாதீங்க. மொட்டைமாடி ஷெட்டுன்னா, மே மாசம் விடியக்காலையிலேயே முடிச்சுடுங்க. வேலூர் வெயில் தெரியாததா என்ன!