சைக்ளோடெக்ஸ்ட்ரின் கூடினால் பிரிப்பு கூடுமா?

கேப்பிலரி எலக்ட்ரோஃபோரெசிஸில் (மெல்லிய குழாயில் மின்னழுத்தம் கொடுத்துப் பிரிக்கும் முறை) இரண்டு எனான்ஷியோமர்களை, அதாவது ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான மூலக்கூறு வடிவங்களை, பிரிக்க பஃபரில் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய வடிவச் சர்க்கரையைச் சேர்த்து ஓட்டுகிறோம். டிடெக்டர் காட்டும் இரண்டு பீக்குகளும் ஒட்டிக்கொண்டே நிற்கின்றன. உடனே இன்னும் கொஞ்சம் தூளை அள்ளிப் போடத் தோன்றும். நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

மூலக்கூறு அந்தச் சர்க்கரை வளையத்தின் குழிக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது. உள்ளே இருக்கும்போது ஒரு வேகம், வெளியே வேறு வேகம். இரு வடிவங்களும் உள்ளே கழிக்கும் நேரம் வேறுபடுவதால்தான் பிரிகின்றன. பிணைப்பு மாறிலிகள், அதாவது எவ்வளவு வலுவாகப் பிணைகின்றன என்பதன் அளவு, 100, 121 என்று வைத்துக்கொள்வோம் (லிட்டர்/மோல் அளவில்). சைக்ளோடெக்ஸ்ட்ரின் செறிவு 0.5 மில்லிமோலார் என்றால் ஒன்று 4.8%, மற்றது 5.7% நேரம் உள்ளே இருக்கும். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. 9 மில்லிமோலாரில் வித்தியாசம் சுமார் 4.8. சரி, 90-க்கு ஏற்றினால்? ஒன்று 90%, மற்றது 91.6%: வித்தியாசம் மறுபடி 1.6-க்கு இறங்கிவிடுகிறது. இரண்டுமே எந்நேரமும் குழிக்குள் கிடந்தால் எதை வைத்துப் பிரிப்பது?

ரென், ரோவ் இருவரும் 1992-இல் தந்த கணக்குப்படி, உகந்த செறிவு என்பது இரு மாறிலிகளின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் எடுத்து, அதன் தலைகீழ். இங்கே 1/110, அதாவது 9.1 மில்லிமோலார். பிணைப்பு வலுவாக இருந்தால் தேவை குறையும். அதனால் முதல் நாள் 1, 5, 10, 20 மில்லிமோலார் என்று நான்கு செறிவில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. மெத்தனால் சேர்த்தால் அதுவும் குழிக்குப் போட்டியிடும். உகந்த செறிவு மேலே நகரும்.

சைக்ளோடெக்ஸ்ட்ரினின் சாதா பீட்டா வகையில் 20 மில்லிமோலார் கரையவே கரையாது. 25 டிகிரியில் லிட்டருக்கு 18.5 கிராம், அதாவது 16 மில்லிமோலார்தான் அதன் எல்லை. ஹைட்ராக்ஸிபுரோப்பில் வகைக்கு மாறுங்கள். தூளில் உள்ள ஈரத்தையும் கழித்து எடை போடுங்கள். பீட்டாவில் அது பத்து சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம்.

இன்னொரு தவறு, மின்சுமை இல்லாத பொருளை மின்சுமை இல்லாத சைக்ளோடெக்ஸ்ட்ரினை மட்டும் வைத்துப் பிரிக்கப் பார்ப்பது. எல்லாமே மின்சவ்வூடு ஓட்டத்தோடு (மின்னழுத்தத்தால் குழாயின் திரவம் முழுவதும் நகரும் ஓட்டம்) ஒரே வேகத்தில் வந்து சேரும். சல்ஃபேட் அல்லது கார்பாக்ஸிமெத்தில் வகை வேண்டும். இல்லையென்றால் எஸ்டிஎஸ் மைசெல்லோடு (சோப்பு போன்ற மூலக்கூறுகள் திரண்ட, மின்சுமை உள்ள உருண்டை) சேர்த்து ஓட்ட வேண்டும்.

சல்ஃபேட் வகையில் வேறு தலைவலி. அதோடு வரும் சோடியம் அயனிகள் மின்னோட்டத்தை ஏற்றி, கேப்பிலரியைச் சூடாக்கும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, மின்னோட்டத்தை வரைபடமாகப் போடுங்கள். கோடு மேல்நோக்கி வளையும் இடத்துக்குக் கீழேயே நில்லுங்கள். அப்புறம், பிஎச் 2.5-இல் இந்த எதிர்மின் சுமை வலுவாகப் பிணைந்த மருந்தை ஆனோடு பக்கம் இழுத்துப் போய்விடும். டிடெக்டர் கேத்தோடு பக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் காத்திருந்தும் பீக் வராது. இன்ஜெக்ஷனைச் சந்தேகிக்கும் முன் துருவத்தை மாற்றிப் பாருங்கள்.

ஹைட்ராக்ஸிபுரோப்பில், சல்ஃபேட் போன்ற பதிலீடு செய்த வகைகள் பெரும்பாலும் கலவைகளே. புது டப்பா திறந்ததும் பழைய பிரிப்பு வராமல் போனால், முதலில் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) பாருங்கள்.