ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிகள்: உரிமை கேட்பதில் தொடங்கிக் கணக்கு முடிப்பது வரை

விண்ணப்பத்தில் எழுதும் வாக்குறுதிகள் உரிமை கிடைத்ததும் ஒப்பந்தக் கடமைகளாகிவிடும். 'வீரர்கள் தங்கும் விளையாட்டுக் கிராமத்திலிருந்து மைதானத்துக்கு 15 நிமிடம்' என்று இன்று எழுதினால், அந்த 15 நிமிடத்துக்காகப் பல ஆண்டு கழித்து நெரிசல் நேரத்தில் சாலையில் தனித்தடம் ஒதுக்க வேண்டியிருக்கும். அதனால் போக்குவரத்து, மின்சாரம், காவல், சுகாதாரத் துறைகளின் பொறியாளர்களையும் அதிகாரிகளையும் முதல் வரைவிலேயே உட்கார வையுங்கள். வடிவமைப்பு நிறுவனமும் விளம்பரக்காரர்களும் அதன் பிறகு வரட்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது

நகரம் நேராகப் போய்க் கேட்க முடியாது. நாட்டின் ஒலிம்பிக் சங்கம் ஒப்புக்கொண்டால்தான் பேச்சு தொடங்கும்; காமன்வெல்த் போட்டிக்கு அந்நாட்டுக் காமன்வெல்த் விளையாட்டுச் சங்கம். ஒலிம்பிக்கில் நாலைந்து நகரங்கள் ஒரே நாளில் மோதிக்கொள்ளும் பழைய முறை 2019-இல் மாறிவிட்டது. ஆர்வமுள்ள நாடுகளோடு சர்வதேச ஒலிம்பிக் குழுவின் ஓர் ஆணையம் தொடர்ந்து பேசும். ஒரு நகரம் தேறியதாகத் தோன்றினால் அதனுடன் மட்டும் தீவிரப் பேச்சுவார்த்தை. கடைசியில் அந்தக் குழு உறுப்பினர்களின் வாக்கெடுப்பு. பிரிஸ்பேன் 2032-க்கான உரிமையை இப்படித்தான் 2021 ஜூலையில், 72-5 என்ற வாக்கில் பெற்றது. கிர்ஸ்டி கவென்ட்ரி 2025-இல் அந்தக் குழுவின் தலைவரான பிறகு இந்த முறையும் மறுஆய்வுக்கு வந்தது. படிவம் மாறலாம், கேட்கும் கேள்விகள் பெரிதாக மாறாது.

மக்களிடம் முதலில் கேளுங்கள்

ஹாம்பர்க் 2015-இலும், கால்கரி 2018-இலும் வாக்கெடுப்பில் தோற்று விலகின. புடாபெஸ்ட் 2017-இல் கையெழுத்து இயக்கத்தைக் கண்டே பின்வாங்கியது. டென்வர் கதை இன்னும் மோசம்: 1976 குளிர்கால ஒலிம்பிக் உரிமை கையில் வந்த பிறகு, 1972-இல் மக்கள் பணம் தர மறுத்தார்கள், போட்டி இன்ஸ்ப்ரக் நகரத்துக்குப் போனது. ஆலோசகர்களுக்குப் பெரிய தொகை கொடுக்கும் முன்பே வாக்கெடுப்பையோ சட்டமன்றத் தீர்மானத்தையோ முடித்துவிட்டால், தோற்றாலும் நஷ்டம் சிறிது.

கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்

போட்டியை நடத்தும் செலவு ஒரு கணக்கு: ஊழியர், கிராமத்துச் சாப்பாடு, பேருந்து, தற்காலிக இருக்கை, தொழில்நுட்பம். இதன் பெரும்பகுதி ஒளிபரப்பு வருமானத்தில் கிடைக்கும் பங்கு, விளம்பரதாரர், டிக்கெட்டிலிருந்து வரும். கட்டுமானமும் பாதுகாப்பும் இன்னொரு கணக்கு. இது பெரும்பாலும் அரசுப் பணம். இரண்டையும் கலந்து 'போட்டி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும்' என்று சொன்னால் இரண்டாம் ஆண்டிலேயே அம்பலமாகும்.

லண்டன் 2012 பார்க்கத்தக்க உதாரணம். விண்ணப்ப நேரத்து மதிப்பீடு 400 கோடி பவுண்டுக்குச் சற்று மேல். 2007-இல் அறிவித்த பட்ஜெட் 932.5 கோடி. இந்த உயர்வுக்கு முக்கியக் காரணம் செங்கலும் சிமென்டும் அல்ல: வரி, காவல், திட்டம் முழுமைக்குமான அவசர ஒதுக்கீடு ஆகியவை முதல் கணக்கில் ஒழுங்காக ஏறவே இல்லை. அவசர ஒதுக்கீடாக மட்டும் 270 கோடி வைத்தார்கள். வைத்ததால்தான் கடைசிக் கணக்கு அந்த 932.5 கோடிக்குள் அடங்கியது. உங்கள் முதல் அட்டவணையிலேயே வரி, பாதுகாப்பு, விலைவாசி, அவசர நிதி என்று நான்கு வரிகள் தனித்தனியாக இருக்கட்டும். நிதியமைச்சர் எவ்வளவு முகம் சுளித்தாலும் சரி.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை ஒரே நகரில் வைக்காமல் சிறு நகரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் திட்டமிட்டது. ஒவ்வோர் ஊருக்கும் தனிக் கிராமம், தற்காலிக மைதானம், போக்குவரத்து என்று எல்லாமே பல மடங்கானது. 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பீடு 600 கோடியைத் தாண்டும் என்று சொல்லி 2023 ஜூலையில் விலகினார்கள். இழப்பீடு 38 கோடி டாலர். அதே போட்டியை ஏற்ற ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, 10 விளையாட்டு, ஏற்கெனவே நிற்கும் 4 மைதான வளாகங்கள், புதுக் கிராமம் கிடையாது என்று சுருக்கித் திட்டம் போட்டது.

கையெழுத்துகள்

பாதுகாப்பு, அடையாள அட்டை உள்ளவர்களின் நுழைவு, கருவிகளுக்குச் சுங்க விலக்கு, சின்னத்தைக் காக்கும் சட்டம், நஷ்டத்தை ஏற்கும் உத்தரவாதம் என இவை ஒவ்வொன்றுக்கும் அந்த அதிகாரம் உள்ளவரே கையெழுத்திட வேண்டும். மாநில அமைச்சர் சுங்க விலக்குக்கு உறுதி கொடுத்தால் அது வெற்றுத்தாள். நஷ்ட உத்தரவாதத்தில் யார் முதலில், எவ்வளவு வரை என்பதை எண்ணால் எழுதுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் 2028-இல் முதல் அடுக்கு நகரம், அடுத்தது கலிஃபோர்னியா மாநிலம், அதற்கு மேல் போனால் திரும்பவும் நகரம். அந்த மூன்றாம் அடுக்குக்கு உச்சவரம்பு இல்லை என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

மைதானம்

ஒவ்வொரு இடத்துக்கும் வரிசையாகக் கேளுங்கள்: இருப்பது போதுமா? தற்காலிகமாக அமைக்கலாமா? பக்கத்து நகரில் உண்டா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால்தான் புதிதாகக் கட்ட வேண்டும். பாரீஸ் 2024-இல் சுமார் 95 விழுக்காடு இடங்கள் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை. கட்டினால், பிறகு அதில் குடியேறப்போவது யார் என்பதை வரைபடம் போடும் முன்பே ஒப்பந்தமாக்குங்கள். லண்டன் மைதானத்தில் இதைத் தள்ளிப்போட்டதால், கால்பந்துக்கு மாற்றக் கூரையும் இருக்கைகளும் திருத்த மட்டும் 30 கோடி பவுண்டுக்கு மேல் போனது. மான்ட்ரியல் 1976-இன் கடன் 2006-இல்தான் அடைந்தது.

கிராமமும் ஒத்திகையும்

கட்டடம் எழுந்து நிற்பதும் குடிவர ஆயத்தமாக இருப்பதும் வேறு. ரியோ 2016 கிராமத்தில் ஆஸ்திரேலியக் குழு குடியேறும் முன் ஒரு சோதனை செய்தது: பல மாடிகளில் குழாய்களையும் கழிவறைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டார்கள். சுவர் வழியே தண்ணீர் இறங்கியது, மின்கம்பிகளில் குறுக்குச்சுற்று ஏற்பட்டது. குழு வெளியில் தங்கியது; செய்தி உலகம் முழுக்கப் போனது. இந்தச் சோதனையை நீங்களே, திறப்புக்கு மூன்று மாதம் முன்பே, எல்லாக் கட்டடங்களிலும் செய்யுங்கள்: எல்லாக் குழாயும், எல்லா விளக்கும், எல்லாக் குளிரூட்டியும் ஒன்றாக ஓட வேண்டும். லண்டனில் வீரர்களின் குடியிருப்புகளில் சமையலறையை விட்டுவிட்டு, வீடாக விற்கும்போது பொருத்தினார்கள். நல்ல யோசனை. ஒலிம்பிக்குக்குப் பின் வரும் மாற்றுத்திறனாளிகளின் பாராலிம்பிக்குக்காகக் கதவு அகலத்தையும் சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் இடத்தையும் முதலிலேயே கட்டிவிடுங்கள். இரு போட்டிகளுக்கும் நடுவே இரண்டு வாரம் போல்தான் கிடைக்கும். அதில் சுவர் இடிக்க முடியாது.

டெல்லி 2010 காமன்வெல்த் போட்டியில் தொடக்க விழாவுக்கு 12 நாள் முன்பு மைதானத்துக்கு அருகே நடைமேம்பாலம் இடிந்தது. கட்டுமானம் கடைசி வாரங்களுக்குச் சறுக்கினால் சோதனை ஓட்டத்துக்குரிய நேரத்தைத்தான் முதலில் தின்னும். சோதனைப் போட்டி இல்லாத மைதானத்தில் எது பழுதாகும் என்று யாருக்கும் தெரியாது. அட்லான்டா 1996-இல் வெளியூர் ஓட்டுநர்கள் வழி தெரியாமல் பேருந்தோடு சுற்றினார்கள்; முடிவுகளை அனுப்பும் கணினி அமைப்பு செய்தி நிறுவனங்களுக்குத் தவறாகவும் தாமதமாகவும் தகவல் தந்தது. ஆகவே ஒத்திகையில் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்: சர்வரை அணையுங்கள், ஒரு மின்வழியைத் துண்டியுங்கள், ஒரு வாயிலை மூடுங்கள். ஒளிபரப்புக்கு இரண்டு தனித்தனி மின்வழிகளும் ஜெனரேட்டரும் வேண்டும். ஒவ்வோர் ஓட்டுநரும் தன் வழியைப் பகலிலும் இரவிலும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பாதுகாப்புப் பணியாளர் ஒப்பந்தத்தில் 'இத்தனை பேர் தருவோம்' என்ற வாக்கு போதாது. பயிற்சி முடித்து அடையாள அட்டை பெற்றவர் எண்ணிக்கையை வாரம்தோறும் கேளுங்கள். லண்டனில் தனியார் நிறுவனத்தால் ஆள் தர முடியாது என்பது இரண்டு வாரம் முன்புதான் வெளியானது. கூடுதலாக 3,500 ராணுவத்தினரை இறக்கினார்கள்.

பிரித்தெடுத்தல்

போட்டி நெருங்கும்போது உங்கள் நல்ல ஊழியர்கள் அடுத்த வேலை தேடத் தொடங்குவார்கள், ஏனென்றால் அமைப்புக் குழு கலையப் போவது எல்லோருக்கும் தெரியும். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கடைசி நாளுக்குப் பிறகு தரும் தங்கும் ஊக்கத்தொகையாக ஒதுக்குங்கள். தற்காலிக இருக்கை, கூடாரம், கேபிள் எல்லாவற்றுக்கும் வாடகை எந்த நாளில் நிற்கும், யார் கழற்றுவார், புல்லைச் சீர்செய்யும் செலவு யாருடையது என்று டெண்டரிலேயே எழுதுங்கள். கணக்குப் பிரிவும் சட்டப் பிரிவும் கடைசியாக வீட்டுக்குப் போக வேண்டும்: கூடுதல் பணம் கேட்கும் ஒப்பந்ததாரர்களின் கோரிக்கைகள் போட்டி முடிந்த பிறகுதான் பெரிதாக வரும், அப்போது முடிந்த வேலையின் அளவைப் பதிந்த அளவுப் புத்தகத்தையும், வேலையை மாற்றச் சொன்ன உத்தரவுகளையும் எடுத்துக் காட்ட ஆள் இருக்க வேண்டும்.